வெப் ஆப்பையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கடலூர், புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவைக் கையாளும் கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சக அதிகாரிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரி வட்டாரத்தில் கடைகள், விடுதிகள், சங்கங்கள், சிறு தொழிற்கூடங்கள் ஆகியவற்றுக்கு வெப் ஆப், அதாவது ஸ்டோர் இல்லாமல் பிரவுசரிலிருந்தே ஃபோனில் நிறுவிக்கொள்ளும் இணையதளம், எழுதிக்கொடுத்துப் பராமரித்தும் வருகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. கேட்பது ஒன்றுதான். மொபைல் இயங்குதளங்கள் குறித்து ஆணையம் பிறப்பிக்கும் கட்டளையிலும், வரவிருக்கும் சட்டத்திலும் ‘பிரவுசர்’ என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும், பயனர் தன் முகப்புத் திரையில் நிறுவிக்கொண்ட வெப் ஆப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்து எழுதுங்கள். பிரவுசருக்குச் சுதந்திரம் கிடைத்தால் வெப் ஆப்புக்கும் தானாகவே கிடைத்துவிடும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் என்ன ஆகும் என்பது 2024 பிப்ரவரியில் ஐரோப்பாவில் தெரிந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி, 2024 மார்ச் 7-க்குள் ஆப்பிள் தன் ஐபோனில் வேறு பிரவுசர் எஞ்சின்களுக்கு இடம் தர வேண்டியிருந்தது. எஞ்சின் என்பது இணையப் பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் உள் மென்பொருள். அதுவரை உலகம் முழுக்க ஐபோனில் ஓடியது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின் மட்டுமே. சட்டத்துக்கு இணங்குவதற்காக வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 17.4-இன் பீட்டா (சோதனை) பதிப்பில், ஐரோப்பியப் பயனர்களின் முகப்புத் திரையில் இருந்த வெப் ஆப்கள் வெறும் புக்மார்க்குகளாக மாறின. தட்டினால் தனித் திரையில் திறக்காமல் பிரவுசர் டேபில் திறந்தன. புஷ் அறிவிப்பு நின்றுபோனது. ஆப்புக்கென்று தனியே வைத்திருந்த தரவு எட்டாமல் போனது. பீட்டா பதிப்பின் கோளாறு என்றுதான் பலரும் முதலில் எண்ணினார்கள். பிப்ரவரி 15 அன்று, அது தெரிந்தே செய்த மாற்றம் என்று ஆப்பிள் எழுத்தில் உறுதிசெய்தது. வேறு எஞ்சின்களில் வெப் ஆப்களைப் பாதுகாப்பாக ஓட்ட ஒரு புதிய கட்டமைப்பு தேவைப்படும், வெப் ஆப்களைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் அதைச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அவர்கள் சொன்ன காரணம். உலகெங்கும் உருவாக்குநர்கள் எதிர்த்தார்கள். ஐரோப்பிய ஆணையம் விளக்கம் கேட்டது. மார்ச் 1 அன்று ஆப்பிள் முடிவைத் திரும்பப் பெற்றது. மார்ச் 5 அன்று 17.4 எல்லோருக்கும் வந்தது. நான்கு நாள் தவறியிருந்தால், ஐரோப்பாவில் ஒவ்வொரு வெப் ஆப்பும் அப்டேட்டோடு சேர்ந்து போயிருக்கும்.

திரும்பப் பெற்ற விதத்தைக் கவனியுங்கள். வெப் ஆப்கள் தொடரும், ஆனால் வெப்கிட்டின் மேல் மட்டுமே ஓடும் என்றுதான் ஆப்பிள் அறிவித்தது. அதாவது ஒரு பிரவுசர் தன் சொந்த எஞ்சினோடு ஐரோப்பிய ஐபோனுக்குள் வந்தாலும், அதிலிருந்து முகப்புத் திரையில் சேர்க்கும் வெப் ஆப் ஆப்பிளின் எஞ்சினில்தான் ஓடும். போதாததற்கு, சொந்த எஞ்சின் உள்ள பிரவுசரைத் தனி ஆப்பாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஏற்கெனவே அந்த பிரவுசரை வைத்திருக்கும் பயனர்களை அப்டேட் மூலம் அப்படியே கூட்டிக்கொண்டு போக முடியாது. பூஜ்யத்திலிருந்து ஆள் சேர்க்க வேண்டும். எஞ்சின் கதவு சட்டப்படி திறந்து ஓராண்டுக்கு மேலாகியும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே அதன் வழியாக வராததற்கு இந்த நிபந்தனை முக்கியக் காரணம். விதியில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் அதன் விலை இவ்வளவு.

இது ஏதோ ஐரோப்பிய விவகாரம் என்று தோன்றலாம். எங்கள் வேலை என்ன, அது எதன் மேல் நிற்கிறது என்பதைச் சொன்னால், இங்கே என்ன பாதிக்கப்படும் என்பது விளங்கும்.

வெப் ஆப் என்பது அடிப்படையில் ஓர் இணையதளம். அதோடு மூன்று பொருள் சேர வேண்டும். முதலாவது எச்.டி.டி.பி.எஸ். முகவரி. இரண்டாவது மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பு. ஆப்பின் பெயர், தொடக்க முகவரி, தனித் திரையில் திறக்க வேண்டும் என்ற குறிப்பு, 192 பிக்சலும் 512 பிக்சலும் உள்ள இரண்டு ஐகான்கள் இதில் இருக்கும். மூன்றாவது சர்வீஸ் வொர்க்கர். பக்கத்தின் கோப்புகளை ஃபோனிலேயே எடுத்து வைத்து, நெட் இல்லாதபோதும் ஆப்பைத் திறக்க வைப்பது இதுதான். புஷ் அறிவிப்பை வாங்குவதும் இதுதான். மொத்தமும் பெரும்பாலும் சில நூறு கேபி. சேமிப்பு நிரம்பிய பழைய ஃபோனிலும் இடம் பிடிக்கும். பிழை இருந்தால் காலையில் திருத்தி சர்வரில் ஏற்றலாம், மதியத்துக்குள் எல்லோர் ஃபோனிலும் திருத்தம் போய்ச் சேரும். எந்த ஸ்டோரின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

இந்த வட்டாரத்தின் தேவைகளுக்கு அது அப்படியே பொருந்துகிறது. முதுநகர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் அன்றைய மீன் ஏலக் கணக்கு, பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் கூடங்களின் வேலைப் பதிவேடு, புதுச்சேரியின் விருந்தினர் இல்லங்களில் அறைப் பதிவு, கடைகளின் பற்றுவரவு: இவை எதற்கும் லட்சக்கணக்கில் செலவழித்து ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று இரண்டு ஆப் எழுத வழியில்லை. புயல் மாதங்களில் நெட் இல்லாமலும் திறப்பது பெரிய விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் கடந்தன. டவர் போய்விட்ட இரவில், நிவாரண முகாம்களின் பட்டியலும் படகு உரிமையாளர்களின் எண்களும் ஃபோனுக்குள் ஏற்கெனவே இறங்கியிருந்தால் மட்டுமே பயன்படும்.

இப்போது ஐபோனுக்கு வருகிறோம். ஆப் ஸ்டோர் விதி 2.5.6, இணையத்தில் உலவும் ஆப்கள் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. இந்தியாவில் அது இன்றும் அப்படியே நிற்கிறது. ஆகவே ஐபோனில் உள்ள குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாமே உள்ளே வெப்கிட்தான். விண்டோஸ் கணினியில் ஒரு பிரவுசரில் பழுது இருந்தால் “வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாம். ஐபோனில் அப்படிச் சொல்வதில் பொருளே இல்லை. ஆப்பிள் திருத்தும்வரை காத்திருப்பதுதான் ஒரே வழி, அதுவும் பெரும்பாலும் இயங்குதள அப்டேட்டோடுதான் வரும்.

காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். ஆண்ட்ராய்டு குரோமில் வெப் புஷ் 2015-இல் வந்தது. ஐபோனுக்கு 2023 மார்ச்சில், ஐ.ஓ.எஸ். 16.4-இல் வந்தது, அதுவும் முகப்புத் திரையில் சேர்த்த வெப் ஆப்புக்கு மட்டும். நடுவில் எட்டு ஆண்டு. இரண்டாவது, திரை அணையாமல் வைத்திருக்கும் வேக் லாக் வசதி. ஏல எடைக்கணக்கை இரண்டு கையும் ஈரமாக இருக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவருக்கு இது அடிப்படைத் தேவை. அதே 16.4-இல் சஃபாரி டேபில் அது வேலை செய்தது. முகப்புத் திரையில் நிறுவிய வெப் ஆப்பில் வேலை செய்யவில்லை. 2025 மார்ச்சில் வந்த 18.4-இல்தான் சரியானது. நிறுவாதவருக்குக் கிடைத்த வசதி நிறுவியவருக்கு இரண்டு ஆண்டு கிடைக்கவில்லை. போட்டிக்கு வேறொரு எஞ்சின் பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி இரண்டு ஆண்டு கிடந்திருக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நிறுவும் வழியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு குரோமில், மேனிஃபெஸ்ட் சரியாக இருந்தால், எங்கள் பக்கத்திலேயே ‘நிறுவு’ என்று ஒரு பொத்தான் வைக்கலாம். தட்டினால் பிரவுசர் உறுதி கேட்கும், அவ்வளவுதான். ஐபோனில் அப்படியொரு வசதி எஞ்சினிலேயே இல்லை. பயனர் பகிர்வு மெனுவைத் திறந்து, பட்டியலைக் கீழே தள்ளி, ‘முகப்புத் திரையில் சேர்’ என்பதைக் கண்டுபிடித்து, பெயரை உறுதிசெய்ய வேண்டும். ஐ.ஓ.எஸ். 26-இன் இயல்பான சஃபாரி அமைப்பில் பகிர்வுக்கு முன் மூன்று புள்ளி மெனு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்குக்குள் இணைப்பைத் தட்டினால் அவற்றின் உள் பிரவுசரில் திறக்கும். அங்கே நிறுவும் வழியே கிடையாது. புஷ் அனுமதி கேட்பதற்கே முதலில் நிறுவியிருக்க வேண்டும் என்பதால், இந்தப் படிகளில் எங்கே பயனர் நின்றாலும் அறிவிப்பும் கிடையாது.

அதே சஃபாரியில், ஆப் ஸ்டோரில் உள்ள ஆப்பை விளம்பரப்படுத்த ஆப்பிள் ஒரு வசதி தருகிறது. இணையதளத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு மெட்டா வரி எழுதினால் போதும், பக்கத்தின் மேலே ஸ்டோர் ஆப்புக்கான பட்டை தானாக வந்து நிற்கும். ஆக, பக்கத்திலிருந்து ஆப்பை நிறுவச் சொல்லும் பட்டையைக் காட்டுவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. ஸ்டோர் வழியே வந்தால் காட்டுவார்கள், வெப் வழியே வந்தால் காட்ட மாட்டார்கள். தன் சேவைக்கு முன்னுரிமை என்று போட்டிச் சட்டம் எதைச் சொல்கிறதோ அது இதுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐ.ஓ.எஸ். 26-இல், முகப்புத் திரையில் சேர்க்கும் எந்தத் தளமும் இயல்பாகவே வெப் ஆப்பாகத் திறக்கிறது. அது நல்ல மாற்றம், வரவேற்கிறோம். ஆனால் நல்ல மாற்றமும் கெட்ட மாற்றமும் ஒரே நிறுவனத்தின் விருப்பத்தால் வந்து போவதுதான் எங்கள் கவலை.

சேமிப்பு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண நஷ்டம் நேரும் இடம் அதுவே. 2020 மார்ச்சிலிருந்து சஃபாரியில் ஒரு விதி உண்டு: பயனர் ஒரு தளத்தைத் தொடாமல் சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தினால், அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதி வைத்த தரவு எல்லாம் அழியும். லோக்கல் ஸ்டோரேஜ், இண்டெக்ஸ்டு டி.பி., சர்வீஸ் வொர்க்கர், அதன் கேஷ் எல்லாம் இதில் அடக்கம். விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதைத் தடுக்க வந்த விதி, நோக்கம் சரியானது. முகப்புத் திரையில் நிறுவிய வெப் ஆப்புக்கு இந்த ஏழு நாள் கணக்கு வேறு, நடைமுறையில் தரவு பிழைத்திருக்கும். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏல ஆப்பை யாரும் திறக்க மாட்டார்கள். நிறுவியவரின் கணக்கு ஜூன் 15 அன்று அப்படியே இருக்கும். டேபில் மட்டும் வைத்திருந்தவரின் கணக்கு, சர்வருக்கு அனுப்பாமல் விட்டிருந்தால், போயிருக்கும்.

ஆகவே ‘நிறுவியது’ என்ற நிலை வெறும் ஐகான் அலங்காரம் அல்ல. தரவு வாழுமா, அறிவிப்பு வருமா என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. ஐரோப்பாவில் அந்த பீட்டாவில் பறிபோனது இந்த நிலைதான்.

இதை எழுதும்போது உருவாக்குநர்களுக்கும் ஒரு வார்த்தை. இயங்குதளத்தை நம்பி மட்டும் இருக்காதீர்கள். ஆப் முதல்முறை திறக்கும்போதே நிலைத்த சேமிப்புக்கான கோரிக்கையை அனுப்புங்கள். குரோம், நிறுவியிருக்கிறதா, அறிவிப்பு அனுமதி இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து அதைத் தானாகவே அனுமதிக்கும் அல்லது மறுக்கும். மறுத்தால் ஃபோனில் இடம் குறையும்போது பழைய தளங்களின் தரவு முதலில் காலியாகும். எழுதும் ஒவ்வொரு பதிவையும் நெட் கிடைத்தவுடன் சர்வருக்குத் தள்ளுங்கள். பின்னணியில் தானாக ஒத்திசையும் வசதி ஐபோனில் கிடையாது என்பதால், ஆப் திறந்திருக்கும்போதே, நெட் திரும்பிய நிகழ்விலும் திரை முன்னுக்கு வரும் நிகழ்விலும் அனுப்பும்படி எழுத வேண்டும்.

ஐபோனைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மைதான் ஆகும். இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு.

ஆண்ட்ராய்டில் குரோம் வழியே வெப் ஆப் நிறுவும்போது, கூகுளின் சர்வர் அதற்கென்று ஒரு சிறு ஆண்ட்ராய்டு பொட்டலத்தைத் தயாரித்துக் கையெழுத்திட்டு அனுப்புகிறது. வெப் ஏ.பி.கே. என்பார்கள். அதனால்தான் அது ஆப் பட்டியலில் மற்ற ஆப்களோடு நிற்கிறது, அமைப்புகளில் தனிப் பெயரோடு தெரிகிறது. சாம்சங் தன் ஃபோனில் தன் பிரவுசருக்கு இதே வசதியை வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மற்றவர்களுக்கு இந்தத் தயாரிப்பு வழி திறக்கவில்லை. அவர்களால் முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழியை மட்டுமே வைக்க முடிகிறது. ஒரே வெப் ஆப், எந்த பிரவுசரில் நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்து முதல் தரமாகவும் இரண்டாம் தரமாகவும் ஆகிறது. சில சீன நிறுவன ஃபோன்களில் குறுக்குவழி வைப்பதற்கே பிரவுசரின் அனுமதிப் பட்டியலில் தனியாக ஓர் அனுமதியைத் திறக்க வேண்டும். அது மூடியிருந்தால் ‘சேர்க்கப்பட்டது’ என்று செய்தி வரும், ஐகான் வராது. வாடிக்கையாளர் எங்களைத்தான் குறை சொல்வார்.

2025 அக்டோபரில் குரோம் ஒரு மாற்றத்தை அறிவித்தது: பயனர் அதிகம் தொடாத, ஆனால் அறிவிப்பு நிறைய அனுப்பும் தளங்களின் அறிவிப்பு அனுமதியைத் தானாகவே நீக்கிவிடும். தொல்லை தரும் தளங்களால் அலுத்தவர்களுக்கு அது நல்லதே. நிறுவிய வெப் ஆப்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆண்டில் மூன்று மாதம், அக்டோபர் முதல் டிசம்பர்வரை மட்டும் உயிர் பெறும் மழை, வெள்ள ஆப்புக்கு அந்த விலக்குதான் காப்பு. இங்கேயும் எல்லாம் ‘நிறுவியது’ என்ற நிலையில் வந்து முட்டுவதைப் பாருங்கள்.

“இவ்வளவு தொல்லை எதற்கு, ஸ்டோரிலேயே போட்டுவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. வெப் ஆப்பை பிளே ஸ்டோரில் போட வழி இருக்கிறது. பபுள்ராப் என்ற கருவி மேனிஃபெஸ்ட்டைப் படித்து ஒரு மெல்லிய ஆண்ட்ராய்டு உறையைக் கட்டித் தரும். உறையும் தளமும் ஒருவருடையதே என்று நிரூபிக்க, தளத்தின் வெல்-நோன் அடைவில் அசெட்லிங்க்ஸ் என்ற கோப்பை வைத்து, அதில் ஆப்பின் எஸ்.எச்.ஏ.-256 கைரேகையை, அதாவது ஆப்பில் கையெழுத்திட்ட சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டை, எழுத வேண்டும். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. தங்கள் கணினியில் உள்ள பதிவேற்றச் சாவியின் கைரேகையை எழுதிவிடுகிறார்கள். பிளே ஸ்டோரோ ஆப்பைத் தன்னிடம் உள்ள வேறொரு சாவியால் மறுபடி கையெழுத்திட்டுத்தான் வெளியிடும். சோதனையில் சரியாக இருந்த ஆப், ஸ்டோரிலிருந்து இறக்கியதும் மேலே முகவரிப் பட்டையோடு திறக்கும். பிளே கன்சோலில் ஆப் கையெழுத்துப் பக்கத்தில் உள்ள கைரேகையையும் அதே கோப்பில் சேர்த்தால் சரியாகும். கோப்பு ஜேசான் வகையாக வர வேண்டும். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள முகவரிக்கும் இல்லாததற்கும் இடையே திருப்பி அனுப்பினால் சரிபார்ப்பு தோற்கும்.

இதெல்லாம் ஒருமுறை கற்றுக்கொண்டால் தீரும். தீராதது விதிகள். பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒருமுறைதான். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கானால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் குறைத்தார்கள். நிறுவனக் கணக்கானால் டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண்ணை வாங்க வேண்டும். ஒரு மீனவர் சங்கமோ மகளிர் குழுவோ அதற்கு யாரிடம் போகும்? அடுத்து, எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக ஆப் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் இலக்கு ஏ.பி.ஐ. எண் ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் உயர்கிறது. 2025 ஆகஸ்ட் 31-க்குப் பின் புதிய ஆப்களும் அப்டேட்டுகளும் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது எண் 35-ஐ, இலக்காக வைத்திருக்க வேண்டும். தளத்தில் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், உறையை மட்டும் மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். பழைய எண்ணிலேயே விட்டுவைத்தால் ஒரு கட்டத்துக்குமேல் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புள்ள ஃபோன்களில் புதிய பயனர்கள் கண்ணுக்கே அது தெரியாது.

ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் வழியும் குறுகிவருகிறது. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஃபோன்களில் நிறுவும் எந்த ஆப்புக்கும் உருவாக்குநர் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள் என்பது அட்டவணை. எதிர்ப்புக்குப் பின், அனுபவமுள்ள பயனர்களுக்கும் மாணவர்களுக்கும் தனி வழி வைப்பதாகச் சொன்னார்கள். மோசடி ஆப்களால் இந்தியாவில் பணம் இழந்தவர்கள் ஏராளம் என்பதால் சரிபார்ப்பின் நோக்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் உறை கட்டிக் கொடுக்கும் வழி இப்படி இறுக இறுக, யாரிடமும் அனுமதி கேட்காமல் கொடுக்கக்கூடிய கடைசி வழி வெப் ஆப்தான் என்றாகிறது.

ஆப் ஸ்டோரில் நிலை இன்னும் கடினம். ஆண்டுக் கட்டணம் 99 டாலர். விதி 4.2, இணையதளத்தை அப்படியே பொட்டலம் கட்டியது போன்ற ஆப்களை ஏற்க மறுக்கிறது. வெப் ஆப்பைக் கொண்டுபோனால் ‘இது இணையதளம், இங்கே வேண்டாம்’ என்கிறார்கள். வெப்பிலேயே வைத்துக்கொண்டால் வசதிகள் இல்லை. அத்தெருவில் நுழைய அனுமதியில்லை, இத்தெருவில் விளக்கில்லை என்றால் சிறு உருவாக்குநர் எந்தப் பக்கம் நடப்பது?

பாதுகாப்பு வாதத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உங்கள் முன் அதுதான் முதலில் வைக்கப்படும். ஒரு வெப் ஆப்பின் தரவை இன்னொன்று படித்துவிடாமல், அனுமதியில்லாமல் கேமராவையும் மைக்கையும் தொடாமல் காப்பது எஞ்சினின் வேலை. கெட்ட எஞ்சின் வந்தால் ஆபத்து என்பது மெய். ஆனால் ஆண்ட்ராய்டில் இது பல ஆண்டுகளாகப் பல எஞ்சின்களோடு நடந்துவருகிறது. எஞ்சின் கொண்டுவருகிறவருக்கு நிபந்தனை விதிக்கலாம்: பாதுகாப்புத் துளைகளை இத்தனை நாளுக்குள் அடைக்க வேண்டும், தளவாரியாகத் தரவைப் பிரிக்க வேண்டும் என்று. ஐரோப்பாவில் ஆப்பிளே எஞ்சின் அனுமதிக்கு இப்படிப்பட்ட தகுதிகளை வைத்திருக்கிறது. அவற்றை வெப் ஆப்புக்கும் நீட்டினால் போதும்.

இன்னொன்று. ப்ளூடூத், என்.எஃப்.சி. போன்ற வன்பொருள் வசதிகளை வெப்புக்குத் திறக்க ஆப்பிள் மறுப்பதற்கு அந்தரங்கக் காரணம் சொல்கிறது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவும் இவற்றில் சிலவற்றை ஏற்கவில்லை. சஃபாரி இவற்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தர விரும்பும் பிரவுசரைத் தடுக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

இனி உங்கள் கையில் உள்ளவை. 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆண்ட்ராய்டு கட்டளையில், ஸ்டோருக்கு வெளியே ஆப் விநியோகிப்பதைத் தடுக்கக் கூடாது என்றும் இருந்தது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் ஸ்டோருக்கு வெளியே விநியோகிப்பது பற்றிய அந்த நிபந்தனை உட்பட நான்கு நிபந்தனைகளை நீக்கியது. ஆப்பிள் மீது 2021 டிசம்பர் 31 அன்று நீங்கள் உத்தரவிட்ட விசாரணையின் மையம், ஆப்புக்குள் பணம் கட்டும் முறை. இரண்டிலும் வெப் ஆப் மையப் பொருளாக இல்லை. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவின் முக்கிய சேவைப் பட்டியலில் இயங்குதளமும் பிரவுசரும் தனித்தனியே இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகக்கூடியது வெப் ஆப்: இயங்குதளக்காரர் அதை பிரவுசரின் வேலை என்பார், பிரவுசர்காரர் இயங்குதளம் விடவில்லை என்பார்.

மற்ற நாடுகள் நகர்ந்துவிட்டன. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில், ஐபோனின் வெப்கிட் கட்டாயம் போட்டியைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. 2025 டிசம்பர் 18 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஜப்பானின் ஸ்மார்ட்போன் மென்பொருள் சட்டம், வேறு எஞ்சின்களைத் தடுப்பதற்குத் தடை போடுகிறது. நாம் பின்னால் வருவதில் ஒரு லாபம் உண்டு: அவர்கள் விட்ட இடத்தை நிரப்பி எழுதலாம்.

எப்படி எழுதலாம் என்பதற்கு எங்கள் பரிந்துரை இது. பயனர் எந்த பிரவுசரிலிருந்து வெப் ஆப்பை நிறுவினாரோ, அந்த பிரவுசரின் எஞ்சினிலேயே அது ஓட வேண்டும். இயங்குதளம் தன் பிரவுசர் நிறுவும் வெப் ஆப்புக்குத் தரும் ஐகான், அறிவிப்பு, சேமிப்பு, ஆப் பட்டியலில் இடம் ஆகிய அனைத்தையும் மற்ற பிரவுசர்கள் நிறுவுவதற்கும் அதே தரத்தில் தர வேண்டும். ஆண்ட்ராய்டின் வெப் ஏ.பி.கே. தயாரிப்பும் இதில் அடங்க வேண்டும். ஸ்டோர் ஆப்பை நிறுவத் தூண்டும் பட்டையோ பொத்தானோ இருந்தால், வெப் ஆப்புக்கும் அதற்கு இணையானது வேண்டும். எஞ்சினைக் கொண்டுவர பிரவுசர்கள் தனி ஆப் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை கூடாது.

கடைசியாக, முன்னறிவிப்பு. நிறுவிய வெப் ஆப்பின் வசதி எதையும் நீக்குவதாக இருந்தால், குறைந்தது ஆறு மாதம் முன்பே பொது அறிவிப்பு வர வேண்டும், தரவை வெளியே எடுக்கும் வழியோடு. ஆறு மாதம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 61 நாள் தடைக்காலத்திலோ மழை மாதங்களுக்கு வெளியிலோ திறக்கப்படாத ஆப்பின் பயனருக்கு, அவர் அடுத்தமுறை திறக்கும்போதுதான் எங்களால் செய்தி சொல்ல முடியும். ஐரோப்பாவில் எழுத்துமூல உறுதிக்கும் 17.4 வெளியீட்டுக்கும் இடையே இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு.

இந்த மடலில் சொன்னதை அதிகாரிகள் தங்கள் மேசையிலேயே சரிபார்க்கலாம். ஓர் ஐபோனும் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனும் போதும். ஏதாவதொரு வெப் ஆப்பை இரண்டிலும் நிறுவி, எத்தனை தட்டு தேவைப்பட்டது என்று எண்ணுங்கள். ஆண்ட்ராய்டில் முதலில் குரோமிலும் பிறகு ஃபயர்ஃபாக்ஸிலும் நிறுவி, அமைப்புகளின் ஆப் பட்டியலில் இரண்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஐபோனில் நிறுவாமல் டேபிலேயே வைத்துப் புஷ் அனுமதி கேட்கும் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். பிறகு இன்ஸ்டாகிராமில் அதே இணைப்பைத் திறந்து, நிறுவும் வழியைத் தேடிப் பாருங்கள்.

திருத்திய வரைவின் மீது கருத்துக் கேட்கும்போது, வரைவின் தமிழாக்கத்தையும் வெளியிடுங்கள், தமிழில் எழுதும் கருத்துகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கருத்து அனுப்ப வேண்டியவர்களில் ஏலக்காரர்களும் விடுதி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தொழில்நுட்பப் பகுதியில் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவும், ஆணையம் அழைத்தால் நேரில் வந்து இரண்டு ஃபோன்களிலும் செய்து காட்டவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டார வெப் ஆப் உருவாக்குநர்கள்